வேடந்தாங்கல் ஏரியும் பக்ஷி எருவும்

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் ஏரிக்குக் கார்த்திகை முதல் மாசி வரையில் பக்ஷிகளைக் காணவென்றே பலர் செல்கின்றனர். அவ்வேரியின் கீழ்ப் பாசனம் செய்யும் குடியானவர்களோ அவற்றை வேறு கண்கொண்டு பார்க்கிறார்கள். ஜலத்தினிடையே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நீர்க்காகம், நத்தைக்குத்தி நாரை, வக்கா, கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் ஏரி ஜலத்தில் கரைந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் பொருந்திய எருவாக மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. செலவில்லாத எரு! இதனைக் கிராமத்தார் வெகுகாலமாக அறிவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ம் வருஷத்திலேயே பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். தீபாவளிக்கு வெடி கொளுத்துவதையும் விட்டொழித்தனர்.

நடவு வயலில் நாரை இறங்கினால் நாற்று மிதிபடுகிறதென்று மிராசுதார்கள் குறை கூறுவதுண்டு. சிறிது மிதிபடுவது மெய்யே. ஆயினும் நத்தைக்குத்தி தேடி வருவது நத்தையையும் நண்டையுமே. இளநாற்றை அறுப்பதும் வரப்பைத் துளைத்து ஜலத்தை வடியவிடுவதும் அந்நண்டுதான். நாரையை விரட்டுமுன் வரப்பிலுள்ள வளைகளை எண்ணிப் பார்க்க. சுடுவதோ 1972-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் ஏரியில் பக்ஷிகள் முதலில் வந்திறங்கும் தேதியையும், கூடுள்ள மரங்களின் எண்ணிக்கையையும் வருஷந்தோறும் குறித்து வைப்பது நலம். ஏரிக் கருவேல மரங்களை ஏலத்துக்குக் கொணருமுன் அக்குறிப்பைப் பார்த்து, குஞ்சுகள் பறந்து சென்ற பின்னரே வெட்ட அநுமதிக்கலாம்.