பதில் தெரிந்தே கேட்கும் கேள்வி

கறுப்பினக் குழந்தைகள் கற்கும் விதமே வேறா? 1980களில் அமெரிக்கக் கல்வியாளர்களை இரு அணியாக்கிய சர்ச்சை இது. அக்குழந்தைகள் மதிப்பெண்ணில் பின்தங்குவதற்குக் காரணம், அவர்களுடைய பண்பாடு தந்த கற்றல் பாணியோடு பள்ளி ஒத்துப்போகாததுதான் என்று 1982-ல் ஜானிஸ் ஹேல் தனி நூலே எழுதினார். குழந்தைமீது சுமத்தப்பட்ட 'குறைபாடு' என்ற பழியைத் துடைக்கும் அக்கறை அதில் இருந்தது. ஆனாலும் ஓர் இனம் முழுமைக்கும் ஒரே பாணியை ஒட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட நுட்பமாகப் பார்த்தவர் ஷெர்லி பிரைஸ் ஹீத். 1969 முதல் 1978 வரை கரோலினா மாநிலங்களின் பஞ்சாலைப் பகுதியில் வீடுவீடாகப் பழகி, குழந்தைகளோடு பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டவர். 'டிராக்டன்' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய கறுப்பினக் குடியிருப்பின் பிள்ளைகள், "இது என்ன நிறம்?" என்று டீச்சர் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். பதில் தெரிந்த ஒருவர் எதற்காகக் கேள்வி கேட்க வேண்டும்? வீட்டில் அவர்களிடம் கேட்கப்பட்டவை, "அது எதைப் போல இருக்கு?" என்கிற ரகம்.

விஷயம் புரிந்ததும் ஆசிரியர்கள் உள்ளூர்ப் புகைப்படங்களைக் காட்டி, இங்கே என்ன நடக்கிறது, நீ அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டார்கள். பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, பள்ளிக்கூடத்துக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் அதிலேயே சேர்த்து, திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வீட்டுப் பேச்சை மதித்தார்கள். பள்ளிப் பேச்சையும் கற்றுக்கொடுத்தார்கள்.

பக்கத்திலேயே 'ரோட்வில்', வெள்ளையினத் தொழிலாளர்களின் குடியிருப்பு. நிறம், பெயர் சொல்லப் பழகிய அதன் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகவே படித்தார்கள். கற்பனை செய், காரணம் சொல் என்று மேல் வகுப்புகள் கேட்டபோது திணறினார்கள். தோல் நிறத்தை வைத்து இதை எப்படி விளக்குவது?

மாணவரின் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென 2008-ல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். பாணி என்ற முத்திரை ஆட்டம்கண்டது. கரோலினா ஆசிரியர்களின் உழைப்பு அந்த முத்திரையை நம்பி நின்றதே இல்லை. ஆனால் அந்த உழைப்பும் நிலைக்கவில்லை. மேலிடத்து உத்தரவுகளும் தேர்வுகளும் ஆசிரியரின் கையைக் கட்டிப்போட, அந்த வழிமுறைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டதை 1983-ல் வந்த தன் நூலின் பின்னுரையில் ஹீத்தே எழுதினார்.