பாம்புப் பயம் எங்கிருந்து வருகிறது?

ரீசஸ் குரங்கு ஒன்றின் முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பாம்பு. பெட்டிக்கு அந்தப் பக்கம் குரங்குக்குப் பிடித்த தீனி; கையை நீட்டினால் எட்டிவிடும். காட்டிலிருந்து பிடித்து வந்த குரங்குகள் கையை நீட்டவில்லை. மயிர் சிலிர்க்க, கூண்டுக் கம்பியை இறுகப் பற்றியபடி பின்வாங்கின. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவையோ பாம்புக்கு மேலாகக் கையை விட்டுத் தீனியை எடுத்துத் தின்றன.

1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உளவியலாளர் சூசன் மினெகா நடத்திய சோதனை இது. பாம்புப் பயம் கூடவே பிறப்பது என்று நம்பியவர்களை இது யோசிக்க வைத்தது. பயமறியாத அந்தக் குரங்குகள், காட்டுக் குரங்குகள் மிரள்வதைச் சில நிமிடங்கள் பார்த்ததுமே தாமும் மிரளத் தொடங்கின.

அப்படியானால் எதைக் காட்டினாலும் பயப்படுமா? மினெகாவும் மைக்கேல் குக்கும் வீடியோவை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். குரங்கு மிரளும் காட்சி ஒன்றேதான். ஒரு படத்தில் அதன் முன் பாம்பு, இன்னொன்றில் பூ. பாம்புப் படத்தைப் பார்த்தவை பாம்புக்குப் பயந்தன. மற்றவை பூவைக் கொஞ்சமும் பொருட்படுத்தவில்லை. பொம்மை முதலை, பொம்மை முயல் வைத்தபோதும் அப்படித்தான். முதலைப் பயம் ஒட்டிக்கொண்டது, முயல் பயம் ஒட்டவில்லை. பாம்புப் பயத்தைக் கற்றுத்தான் பெறுகிறோம், ஆனால் அதைச் சட்டென்று கற்கும் ஆயத்தத்தோடு பிறக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

அந்த ஆயத்தம் ஏன் வந்தது? மானுடவியலாளர் லின் இஸ்பெல் 2006இல் துணிச்சலாக ஒன்றைச் சொன்னார். நம் மூதாதையரைப் பாம்புகள் பல கோடி ஆண்டுகளாக வேட்டையாடின. தழைக்குள் அசையாமல் கிடப்பதை முந்திக் கண்டுகொண்டவை பிழைத்தன. குரங்கினத்தின் கூரிய பார்வை அப்படி வளர்ந்தது. முழுப் பார்வையையும் பாம்பின் கணக்கில் எழுதலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 2013இல் வெளியான ஆய்வொன்று அவருக்குப் பக்கபலமானது. பாம்பே இல்லாத பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் குரங்குகளின் மூளையில், பல்வினார் என்ற பகுதியின் நரம்பணுக்கள் முகங்களையும் கைகளையும்விடப் பாம்புப் படத்துக்கு விரைவாகவும் வலுவாகவும் துடித்தன.

மனிதக் குழந்தைகளும் இப்படித்தான். ஜூடி டெலோஷும் வனெசா லோபுயும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தைகள் பாம்பு வீடியோவைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆனால் மிரண்ட குரல் ஒலித்தபோது மற்ற விலங்குகளைவிடப் பாம்பையே அதிக நேரம் பார்த்தார்கள். மகிழ்ச்சியான குரலுக்கு அப்படிப் பார்க்கவில்லை. பெரியவர்களின் அலறல் எந்த உருவத்தோடு சேர வேண்டும் என்பது அந்த வயதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. எனவே எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் பதற்றம் வேறு, எச்சரிக்கை வேறு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகத்தையும் கண்ணாடி விரியனையும் பிடித்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கிறார்கள். 1978இல் தொடங்கிய சங்கம் அது. பெரியவர்கள் பதறாமல் பாம்பைக் கையாள்வதைப் பார்த்துப் பார்த்துத் தலைமுறைகளாக வந்த தொழில்.

மினெகாவும் குக்கும் இதையும் சோதித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடக் குரங்குகள் சிலவற்றுக்கு, பாம்பின் அருகே பதறாமல் இருக்கும் குரங்குகளை முதலில் காட்டினார்கள். மிரளும் குரங்குகளைப் பிறகுதான் காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பயம் தொற்றவே இல்லை.