மாயா சுடுமண் பாவைகள்: கலையும் சமூகமும்

மாயா நாகரிகம் என்றதும் நம் நினைவுக்கு வருவன படிநிலைக் கோயில்களும் அரசரின் வெற்றிகளைப் பொறித்த கற்றூண்களுமேயாம். அவை ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த வரலாறு. அத்தூண்களில் இடம்பெறாத மாந்தரைத் தேடுவோர் சிறு சுடுமண் பாவைகளையே நாடவேண்டியுள்ளது.

கி.பி. 600 முதல் 900 வரையான காலப்பகுதியில் இப்பாவைகள் பெருமளவில் ஆக்கப்பட்டன. மெக்சிக்கோவின் கம்பேச்சேக் கரையை அடுத்த ஹைனா தீவின் புதைகுழிகளிற் கிடைத்தவை பெரிதும் அறியப்பட்டவை. கையால் வனைந்தனவும் அச்சில் அழுத்தி எடுத்தனவும் அவற்றுள் உள. சிலவற்றில் அவுரியும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து ஆக்கிய 'மாயா நீலம்' இன்றும் எஞ்சியுள்ளது. பல, ஊதி ஒலியெழுப்பத்தக்க ஊதல்களாகவும் அமைந்தன. அரசர், போர்வீரர், பந்தாட்டக்காரர், குள்ளர், முதியோர், விலங்குகள் என அவை காட்டும் உலகம் விரிந்தது.

இடுப்பிற் பிணைத்த தறியில் நெய்யும் பெண்ணின் உருவம் ஈண்டு தனிக்கவனத்துக்குரியது. மாயா சமூகத்தில் துணி திறைப்பொருளாகவும் விளங்கிற்று. அதனை நெய்தோர் பெண்களே. கற்றூண்களிலும் பெண்கள் உளரெனினும், அவர்கள் அரசகுல மகளிர். அங்கு காட்டப்படுவது அதிகாரமேயன்றி உழைப்பன்று.

ஆயின், இவற்றை 'மக்கள் கலை' என உடனே முடிவுகட்டுதல் இயந்திரப்பாங்கான நோக்காகும். நெய்யும் பெண்ணே அணிகலன் பூண்டவளாய் அமைவதால், அவளை உயர்குடி மாதாகவோ தெய்வமாகவோ கொள்வோர் உளர். அங்ஙனமாயின் நாம் காண்பது உழைப்பின் பதிவா, உழைப்பை இலட்சியமாக்கும் கருத்துநிலையா? குவாத்தமாலாவின் எல் பெரு-வாக்காவில் 2006இல் அகழப்பட்ட அரச கல்லறையொன்றில் 23 பாவைகள் அரசவைக் காட்சியாக நிரல்பட வைக்கப்பட்டிருந்தன. மறுபுறம், அந்நாட்டின் மொத்தூல் த சான் ஹோசேயில் மாளிகைக் குப்பைகளிலும் எளியோர் மனைக் குப்பைகளிலும் பாவைகள் கிடைத்துள்ளன. ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் எடுக்கத்தக்க இத்தொழில்நுட்பம், அரசவையின் படிமங்களை அடுக்களைவரை கொண்டுசெல்ல வல்லது. எனினும், குடிசையை அடைந்த படிமம் அங்கு எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்பதை அரசவை முற்றாக நிர்ணயித்திருக்க இயலாது. ஆதிக்கமும் அன்றாட வாழ்வும் ஒன்றையொன்று எதிர்கொண்ட களமாகவே பாவைகளை நாம் காண்கிறோம்.

இவ்வாறு கூறுவதற்கும், பாவை எவ்விடத்திற் கிடைத்தது என்ற செய்தி இன்றியமையாதது. ஹைனாவுக்குரியவை எனப்படும் பாவைகளுட் பல, கொள்ளையரால் தோண்டப்பட்டுக் கலைச்சந்தையில் விற்கப்பட்டவை. அவை யாருடன் புதைக்கப்பட்டன என்பது இனி அறியவொண்ணாதது. பண்டமாக்கப்பட்ட பாவையின் அழகு கண்ணாடிப் பேழையுள் எஞ்சுகிறது. அதனை ஆக்கியோரும் போற்றியோரும் இரண்டாம் முறையாக வரலாற்றிலிருந்து அகற்றப்படுகின்றனர்.