முட்டைப் பெட்டியில் புல்வெளி! கோழி இருப்பதோ கம்பிக் கூண்டில்?

பெங்களூர் அல்சூரில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் தூத்துக்குடி பக்கத்துக்காரர். காலை 7 மணிக்கே கூட்டம். வாசலில் அட்டை அட்டையாக வெள்ளை முட்டை அடுக்கி இருக்கிறது. உள்ளே அலமாரியில் 6 முட்டை கொண்ட பெட்டிகள். பெட்டியின் மேல் பச்சைப் புல்வெளிப் படம். அதிலே கொழுகொழு என்று ஒரு சிவப்புக் கோழி.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி என்ன விலை?" என்று கேட்கிறார் ஒரு தாய். மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த மகனுக்கு தினமும் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லி இருக்கிறார், டாக்டர்.

"சாதா முட்டையைவிட ரெண்டு மடங்கு வரும்க்கா. இயற்கைன்னு போட்டிருக்கான்."

அந்தத் தாய் நாமக்கல் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கப் போனவர். "கோழி படுற பாட்டைக் கண்ணால பார்த்தவ நான். அதுக்காகவே கூடக் கொடுத்து வாங்கலாம். ஆனா இந்தக் கோழி நிஜமாவே வெளியில திரியுதா அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. அண்ணாச்சிக்கு பதில் தெரியவில்லை.

ஒரு தாள் அளவு இடம்

நம் நாட்டில் கடைக்கு வரும் முட்டையில் பெரும்பகுதி கூண்டுப் பண்ணை முட்டைதான். அங்கே கூண்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். கூண்டின் தரையும் கம்பிதான். அது சற்றே சாய்வாக இருப்பதால், இட்ட முட்டை உருண்டு முன்பக்கம் வந்து நிற்கும். எச்சம் கீழே விழுந்து விடும். முட்டை சுத்தமாகக் கிடைக்கிறது. ஆள் கூலியும் மிச்சம்.

கோழிக்கு என்ன மிச்சம்? ஜெராக்ஸ் கடையில் பயன்படும் ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த அளவுகூட இல்லை. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற, புழுதியில் புரள, மறைவிடம் தேடி முட்டையிட வழி இல்லை. நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளும் என்று, குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை நறுக்கி விடுகிறார்கள்.

இதைக் கேட்க சட்டம் இல்லையா? இருக்கிறது. அசைந்து திரும்பப் போதிய நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் பிராணிகளை அடைப்பது குற்றம் என்று 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் எழுதி வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்று 30 முட்டை கொண்ட ஓர் அட்டையைக்கூட அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது!

2017-ம் ஆண்டு ஜூலையில் சட்டக் கமிஷன் தன் 269-வது அறிக்கையில் இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. கூண்டு முட்டை எது, கூண்டில்லாப் பண்ணை முட்டை எது என்று பிரித்துக் காட்ட வழி செய்யவேண்டும் என்றும் யோசனை கூறியது.

ஐரோப்பிய நாடுகளில் வெறும் கம்பிக் கூண்டுக்கு 2012 ஜனவரி 1 முதல் தடை. அங்கே முட்டை ஓட்டிலேயே எண் குத்தி இருக்கும். முதல் எண் 0 என்றால் இயற்கை முறை. 1 என்றால் வெளியில் திரியும் கோழி. 2 என்றால் கொட்டகைத் தரையில் வளர்ந்தது. 3 என்றால் கூண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட பார்த்து வாங்கலாம்.

எந்த முத்திரை?

நம் ஊரில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டி இருக்கிறது.

'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு மட்டும் கடிவாளம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, தகுந்த சான்று பெறாத பொருளை அந்தப் பெயரில் கடையில் விற்கக்கூடாது. சான்று பெற்ற பெட்டிக்கென 'ஜைவிக் பாரத்' என்ற முத்திரை கொண்டுவரப்பட்டது. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு மட்டும் விலக்கு உண்டு. இயற்கை முறை என்றால் தீவனத்தோடு முடிந்து விடுவது அல்ல. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் இயற்கை வேளாண் நெறிமுறை, கோழியைக் கூண்டில் அடைக்கக்கூடாது என்றே சொல்கிறது.

மற்ற சொற்கள்? 'ஒமேகா 3' என்றால் தீவனத்தில் ஆளி விதையோ மீன் எண்ணெயோ சேர்த்திருக்கிறார்கள். 'மூலிகைத் தீவனம்' என்பதும் தீவனக் கதைதான். அந்தத் தீவனத்தைக் கூண்டுக்குள் நின்றும் தின்னலாம். ஓடு சிவப்பாக இருப்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. அது நாட்டுக்கோழி முட்டை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மஞ்சள் கரு நன்றாகச் சிவந்திருந்தால் சத்து அதிகம் என்று நினைக்கிறோம். செண்டுமல்லிப் பூவின் சாற்றைத் தீவனத்தில் கலந்தாலே அந்த நிறம் வந்து விடும்.

'கூண்டில்லா முறை', 'திறந்தவெளிப் பண்ணை' என்ற சொற்கள் கோழியின் வாழ்க்கையைப் பற்றியவை. ஆனால் இவற்றுக்கு 'ஜைவிக் பாரத்' போல எல்லோரும் அறிந்த அரசு முத்திரை எதுவும் பெட்டியில் வருவதில்லை. கூண்டில்லா முறை என்றாலும் கோழி வெயிலைப் பார்க்கிறது என்று அர்த்தம் இல்லை. கொட்டகைக்குள்ளேயே தரையில் வளர்க்கலாம்.

எந்தப் பெட்டியும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. பொரிப்பகத்திலேயே அவற்றைக் கொன்று விடுவது உலகின் பல நாடுகளில் வழக்கம். முத்திரை பெற்ற பண்ணைக்கு வரும் பெட்டைக் குஞ்சும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பொரிப்பகத்தில் இருந்துதான் வருகிறது.

பண்ணைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 1982-ல் தொடங்கிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் விலை அறிவிக்கிறது. தீவன விலை ஏறினாலும் அந்த விலையை ஒட்டித்தான் விற்கவேண்டும். கூண்டைக் கழற்றினால் இடமும் ஆளும் அதிகம் தேவை. அந்த மலிவு முட்டைதான் பள்ளிக்கூடச் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது. ஏழைப் பிள்ளைக்கு அதைவிட மலிவாக வேறு புரதம் ஏது?

அல்சூர் கடையில் அந்தத் தாய் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜைவிக் பாரத் முத்திரை இல்லை. 'இயற்கையின் சுவை' என்று ஒரு வரி. மூலிகைத் தீவனம் என்று இன்னொரு வரி. கூண்டா, தரையா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீழே கம்பெனியின் போன் நம்பர் மட்டும் இருந்தது.

"பத்து சாதா முட்டையே கொடுங்க அண்ணாச்சி. இந்த நம்பரையும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க. பையனை விட்டுக் கேட்கச் சொல்றேன்."

"என்ன சொல்றாங்கன்னு எனக்கும் சொல்லுங்கக்கா. நாளைக்கு வேற யாராவது கேட்பாங்க" என்றார், அண்ணாச்சி.