மலையேறி வந்தவர்களும் ஏழு அருளடையாளங்களும்

குமுளி: சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் லோயர் கேம்ப், இந்தப் பக்கம் தேக்கடிக் காடும் ஏலத் தோட்டங்களும். பொழுது விடியுமுன் கூடலூர், கம்பம் பகுதியிலிருந்து ஜீப்புகளில் ஏலக்காட்டு வேலைக்கு ஏறி வரும் தமிழர்களிலும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. ஞாயிறு பூசைக்குப் போய் வருவதில் இவர்களுக்குச் சிரமம் அதிகமில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம், புதுநன்மை, பெண்ணுக்குக் கலியாணம் என்று வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஊர்ப் பங்கா, இங்குள்ள பங்கா? தமிழா, மலையாளமா? என்ன காகிதம் கொண்டு போவது?

அருளடையாளம் என்பது யாது?

முன்பு 'தேவதிரவிய அனுமானம்' என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் இப்போது 'அருளடையாளம்' என்கிறோம். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருளாலும், சொல்லாலும், செய்கையாலும் கண்ணுக்குத் தெரியாத இறையருள் கொடுக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். இவை ஏழு என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1547-ல் வரையறுத்தது. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்றும் கிறிஸ்தவ வாழ்வின் தொடக்கம். பாவசங்கீர்த்தனமும் நோயில் பூசுதலும் குணமளிப்பவை. குருத்துவமும் திருமணமும் பிறருக்குப் பணி செய்வதற்கானவை. இவற்றுள் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், குருத்துவம் மூன்றையும் ஒருவர் வாழ்நாளில் ஒரே தடவைதான் பெறலாம்.

பெயர் வேறு, பொருள் ஒன்று

இந்த மலைப் பகுதியில் லத்தீன் வழிபாட்டு முறைக் கோயில்கள் 1930-ல் ஏற்பட்ட விஜயபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சீரோ மலபார் முறைக் கோயில்கள் 1977-ல் உண்டான காஞ்சிரப்பள்ளி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கீழே தேனிப் பக்கத்துப் பங்குகள் மதுரை உயர்மறைமாவட்டத்தில் அடங்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் பெரும்பாலும் லத்தீன் முறையினர்.

மலையாளத்தில் 'மாமோதீசா' என்றால் ஞானஸ்நானம். 'ஸ்தைர்யலேபனம்' உறுதிப்பூசுதல். 'குர்பானா' பூசை. 'ஆத்ய குர்பானா' புதுநன்மை. 'கும்பசாரம்' பாவசங்கீர்த்தனம். 'ரோகீலேபனம்' நோயில் பூசுதல். இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கிட்டத்தில் சீரோ மலபார் கோயில் மட்டும் இருந்தால் அங்கே நன்மை வாங்கலாமா, பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாகச் செய்யலாம். கத்தோலிக்கர் எவரும் எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் நற்கருணை வாங்கலாம், எம்முறைக் குருவிடமும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. லத்தீன் முறைப் பெற்றோரின் பிள்ளை சீரோ மலபார் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றாலும், அதனால் மட்டும் முறை மாறிவிடுவதில்லை. பிள்ளை பெற்றோரின் முறையையே சேரும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழைத் திருச்சபைகளில் ஞானஸ்நானத்தோடு சேர்த்தே உறுதிப்பூசுதலைக் குருவானவர் கொடுப்பது முறை. லத்தீன் முறையில் பிள்ளை வளர்ந்த பிறகு, சாதாரணமாக ஆயர் வந்து கொடுக்கிறார். ஆகவே பிள்ளைக்கு எது எது கொடுக்கப்பட்டது என்று அன்றே கேட்டு, சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பத்து வருஷம் கழித்துக் கம்பத்தில் உறுதிப்பூசுதல் வகுப்பில் சேர்க்கும்போது இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

தமிழ் உபதேசம் பிறந்த இடம்

மலையாள நாட்டில் தமிழில் உபதேசம் படிப்பது புதிய சங்கதியல்ல. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் எழுதிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். அது ஓர் உபதேச நூல். மறு வருஷம் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வந்தது. 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கென்றே ஒரு தமிழ் நூல், 'கொம்பெசியொனாயரு', அச்சிடப்பட்டது. நானூறு வருஷங்களுக்கு முன்பே, தாய்மொழியில் புரிந்து ஆயத்தம் செய்ய வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள்.

இன்று பிள்ளை மலையாளப் பள்ளியில் படித்து மலையாளத்தில் ஜெபம் சொல்கிறது. பாட்டி தமிழில் ஜெபமாலை சொல்கிறாள். இதில் தவறில்லை. ஆனால் உபதேச வகுப்பில் பிள்ளை மனப்பாடம் செய்ததன் அர்த்தத்தை வீட்டில் தமிழில் கேட்டுச் சொல்ல வைப்பது தாய் தகப்பன் கடமை. அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பது ஆயத்தம் ஆகாது.

ஒவ்வொன்றுக்கும் ஆயத்தம்

ஞானஸ்நானம்: பிள்ளை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுப்பது விதி. ஞானப் பெற்றோர் 16 வயது நிரம்பி, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராயிருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பனே ஞானத்தாய் தகப்பனாக முடியாது. மரண ஆபத்தில் குருவானவர் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், யாரும் தலையில் தண்ணீர் ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிள்ளை பிழைத்தால் மறுபடி கொடுப்பதில்லை. பங்கில் தெரிவித்துப் பதிய வேண்டும்.

புதுநன்மை: முன்பு பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரைகூடக் காக்க வைத்தார்கள். பாப்பு பத்தாம் பத்திநாதர் 1910-ல், நல்லது கெட்டது அறியும் பருவம், அதாவது சுமார் ஏழு வயது போதும் என்றார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் விலக்கல்ல.

பாவசங்கீர்த்தனம்: பாவத்தை நினைத்துப் பார்த்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், கொடுத்த அபராதத்தை நிறைவேற்றுதல் என ஐந்து படிகள். குருவானவர் கேட்டதை யாரிடமும், எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது.

நோயில் பூசுதல்: 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரால், சாமியார் வந்தால் சாவு வந்துவிட்டது என்று பயப்படும் வீடுகள் இன்றும் உண்டு. கடும் நோயாளிக்கும், முதுமையால் தளர்ந்தவருக்கும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் கொடுக்கலாம். நினைவு தப்பும்வரை காத்திராமல் முன்கூட்டியே அழைப்பதே சரி.

திருமணம்: நம்மவர்கள் அதிகம் அலைவது இதற்குத்தான். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் நடந்ததோ, அந்தக் கோயில் பதிவேடே மூலம். உறுதிப்பூசுதலும் திருமணமும் அதிலேயே குறிக்கப்படும். எனவே அங்கிருந்து புதிதாகச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும்; பெட்டியில் கிடக்கும் பழைய காகிதம் உதவாது. ஒரு மாதம் தங்கியிருக்கும் பங்கிலும் திருமணம் செய்யலாம். இரு பங்கிலும் ஓலை வாசிப்பதற்கும், திருமண ஆயத்த வகுப்புக்கும் நாள் வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சாமியாரைப் பார்க்கப் போவதுதான் தொல்லைகளுக்கெல்லாம் காரணம். மாப்பிள்ளையோ பெண்ணோ வேறு மதத்தவரானால் ஆயரின் அனுமதி தேவை. மதம் மாறியே தீரவேண்டும் என்பதில்லை.

பணம் தடையல்ல

கூலி வேலை செய்பவர்கள் மனதில் ஒரு தயக்கம் இருக்கிறது: 'கையில் காசில்லை, புதுச் சட்டை இல்லை, விருந்து வைக்க வசதியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்.' இப்படியே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகி, உபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு விலகிவிடுகிறது. வறுமையின் காரணமாக எவருக்கும் அருளடையாளம் மறுக்கப்படலாகாது என்பதும் திருச்சபைச் சட்டம்தான். வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியும் அழகுக்கு, பிரியாணி ஊருக்கு. பிள்ளைக்கு வேண்டியது உபதேசமும், கூட வந்து முழங்காலிடும் தாய் தகப்பனும்.

ஆகவே, பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்கள் இரண்டு காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, தாங்கள் தங்கியிருக்கும் இடத்துப் பங்கில் குடும்பத்தின் பெயரைப் பதிவு செய்வது. மற்றொன்று, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி வைப்பது. மற்றதைப் பங்குச் சாமியாரிடமும் உபதேசியாரிடமும் கேட்கலாம். மலையாளம் தடுமாறினாலும் பரவாயில்லை. தமிழ் கேட்டுப் பழகிய காதுகள் இந்த மலையில் ஏராளம்.