பள்ளி விட்ட பிறகான இரண்டு மணி நேரம்

ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை அந்த வகுப்புக்கு வந்த பிறகு தடுமாறத் தொடங்கியதல்ல. நான்காம் வகுப்பில் வகுத்தல் பிடிபடாமல் போயிருக்கும். ஆறாம் வகுப்பில் பின்னம் புரிந்திருக்காது. அது தெரியாமல் இயற்கணிதம் எப்படி ஏறும்? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஃபெயிலானதும் பட்டறைக்கும் பருத்தி மில்லுக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகள் இந்த மண்ணில் ஏராளம். ஆனால் விடுபட்டதை நிரப்பாமலே மேலே அனுப்பிக்கொண்டிருந்தால், பதினான்கு வயதில் பள்ளிப் பதிவேடு அந்தப் பிள்ளையை ‘மெல்லக் கற்போர்’ என்கிறது, வீடு ‘படிப்பு வரல’ என்கிறது. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

உதவி அதிகம் தேவைப்படும் அந்த வயதில்தான் ஆதரவும் நின்றுபோகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கானது. கொரோனா மூடலுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் எட்டாம் வகுப்பு வரைக்கானதாகவே இருந்தது. அந்தத் திட்டம் நமக்குச் சொல்லித்தந்தது நிறைய. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், தெருவில் உள்ள ஒரு வீட்டுத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ, அதே ஊர்ப் பெண் ஒருவர் சுமார் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமக் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. சோதிக்கப்பட்டவர்கள் சிறு குழந்தைகள்தான். ஆனாலும் தன்னைக் கேலி செய்யாத, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவர் அருகில் உட்கார்வது பதினைந்து வயதுக்கும் தேவை. அந்த வயதுக்குத்தான் கூடுதலாகத் தேவை என்பேன்.

பெரிய பிள்ளைகளுக்கு நாம் தருவது ‘ஸ்பெஷல் கிளாஸ்’. காலை பத்து மணிக்குப் புரியாத பாடத்தை, மதியச் சோற்றுக்குப் பின் எதுவும் சாப்பிடாத வயிற்றோடு, மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை அதே வேகத்தில் நடத்துகிறோம். பிறகு ஒரு டெஸ்ட். மதிப்பெண்ணை எல்லார் முன்னும் வாசிக்கிறோம். உழைக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. முறையை மாற்ற வேண்டும். எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்து காட்டிய வழி இது. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குப் பின்னத்திலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேற்று வராத கணக்கு இன்று அவன் கையாலேயே வந்தால், அதை அவனே பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கினால், நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. ‘உன்னால் முடியும்’ என்று மைக்கில் பேசும் சிறப்பு விருந்தினரால் அது வராது. கணக்கோடு சேர்த்து வாரத்தில் ஓரிரு மாலை சிலம்பமோ நாடகமோ மின்சார வயரிங்கோ இருக்கட்டும். பரீட்சையில் கடைசியாக நிற்கும் பெண் பறையடிப்பதில் முதலாவதாக நிற்கலாம்; அதை அவளுடைய வகுப்பே பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுப் பெறும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று சோதித்தார்களா, மாலையில் சுண்டலாவது கிடைக்குமா, வகுப்பு முடியும் நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பஸ் இல்லாத ஊர்களில் மாலை வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு எட்டாக் கனிதான்.

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. எழுத்துகள் மாறித் தெரிவது, எவ்வளவு உழைத்தும் எழுத்துக்கூட்ட முடியாமல் போவது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஏற்கிறது; குறிப்பிட்ட அளவுக்குமேல் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ அணுகிச் சான்று பெற்றால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியே விண்ணப்பிக்கலாம். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒன்பதாம் வகுப்பில் நெருக்கும் பள்ளிகள் உண்டு. வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். விருப்பமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்; முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், அல்லது 14417 கல்வி உதவி எண்ணை அழையுங்கள். பள்ளி ஆசிரியர்கள் தனியே டியூஷன் நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. ‘என் டியூஷனுக்கு வராவிட்டால்’ என்ற மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.

மாலை மையம் எதுவானாலும் முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா, பிள்ளை ஒருவரோடு மட்டும் தனியே விடப்படுகிறதா, போன் நம்பர் வாங்கி இரவில் செய்தி அனுப்புகிறார்களா? பிரம்பும் அவமானமும் கூடாது. பொறுப்பில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் கொடுமைப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பாலியல் அத்துமீறல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் டியூஷன் வீட்டுக்கும் பொருந்தும். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது தனிக் குற்றம். ‘மானம் போகும்’ என்று நிர்வாகம் சமாதானம் பேசினால் அந்த நிர்வாகியும் மாட்டுவார். பிள்ளையின் பெயரை வெளியிட யாருக்கும் அனுமதியில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்கும். அதைப் பிள்ளையே கூட அழைக்கலாம்.

பத்தாம் வகுப்பில் தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனம் உடைந்து பேசினால் 14416 அல்லது 104 உதவி எண்ணை உடனே அழையுங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் குறுகியது. ரிசல்ட் வந்த வாரத்திலேயே பள்ளிக்குப் போய்விடுங்கள்.