கார்புரேட்டர் லோரியின் சிறு வால்வு

செந்தூல் வட்டாரத்தில் பழைய பெட்ரோல் லோரி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர், எஞ்சினின் மேல்மூடியிலுள்ள சிறு வால்வை வேண்டாத பொருளென்று கழற்றி, குழாயை அடைத்துவிடுகின்றனர். இது தவறு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குக் கசியும் வாயுவை அவ்வால்வே மீண்டும் உள்ளிழுத்து எரியச் செய்கிறது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகும், எண்ணெய் ஒழுகும், கசடு சேரும். புகையைக் குறைக்க வைத்த பொருள் எஞ்சினையும் காக்கிறது!

நம் நாட்டில் பெட்ரோல் எஞ்சின்களுக்கான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 1996இல் வந்தன. விதிக்காக அல்லாவிடினும், சிக்கனத்திற்காகச் சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வால்வை மேல்மூடியிலிருந்து உருவி, அதன் வாயில் விரலை வைத்தால் இழுப்புத் தெரிய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆதலால் மூடிய கொட்டகைக்குள் இதனைச் செய்யலாகாது.